ஒற்றைக் குழி அட்டை

இல்லை அக்கா, நீங்க உட்காருங்க. நான் நின்றே வருகிறேன். கோத்தகிரியில் ஏறும்போதே இடம் இருந்தது, நான்தான் உட்காரவில்லை. கோயம்புத்தூர் வரைக்கும் எனக்கு இது பழக்கம்தான். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? வளைவில் திரும்பும்போது ஒரு கையால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. கனமில்லை. குழந்தைப் பைதான். குழந்தை வீட்டில் இருக்கிறாள். உள்ளே இருப்பது சைக்கிள் சீட்டு.

சிரிங்க அக்கா, பரவாயில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றுகொண்டு வருகிறாளே என்றுதானே? நேற்று எங்கள் அத்தையும் அதையேதான் சொன்னார். "ஊர்ல எல்லாரும் சீட்டு மேல உக்காந்து போவாங்க. எங்க வீட்டு மருமக மேல சீட்டு உக்காந்து போகுது" என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு கடை இருக்கிறது. கியர் சைக்கிள் மட்டும் விற்கிற கடை. இந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று வாங்க வேண்டும். எனக்கென்றே வரவழைத்திருக்கிறார்கள். வாங்கப்போவது நாலாவது சீட்டு. இல்லை, ஜெல் உறையையும் சேர்த்தால் ஐந்து.

என் பேச்சு புத்தகம் மாதிரி இருக்கிறதா? எல்லாரும் சொல்வார்கள். கான்வென்டில் படித்தேன். தமிழ் பேசினால் ஃபைன். அதனால் எங்களுக்குத் தமிழ் எழுதத்தான் வரும், பேசத் தெரியாது. இப்போது தபால் கொண்டுபோகிற இடத்தில் எஸ்டேட் ஆட்கள் கேலி செய்வார்கள். "போஸ்டம்மா, வாயைத் திறந்தா லெட்டர் படிக்கிற மாதிரியே இருக்கு" என்பார்கள்.

ஆமாம், தபால் வேலை. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துக் கொடுத்தார்கள். நானூற்றுத் தொண்ணூற்றொன்று. பள்ளியிலேயே நான்தான் முதல். லிடியா என்று ஒருத்தி இரண்டாவது வந்தாள், நாலு மார்க் குறைவு. அவளை விடுங்க. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் மூன்று, படகர் ஊரான ஹட்டி இரண்டு, எல்லாம் சேர்த்துப் பதினாலு கிலோமீட்டர். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்தேன். சாதா சைக்கிள் அந்த மண்பாதையில் ஏறாது. எங்கள் வீட்டுக்காரர், பிரிட்டோ என்று பெயர், டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்ட ஒரு கியர் சைக்கிளைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தார். தடித்த டயர், இருபத்தொரு கியர். கல்யாணமான புதிதில் அதில் நான் பறந்திருக்கிறேன் அக்கா. அதே சீட்டு. அப்போது சீட்டு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

குழந்தை பிறந்த பிறகுதான் அந்தச் சீட்டு கெட்டுப்போனது.

அப்படித்தான் நினைக்கிறேன். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு மாதம் லீவில் இருந்தேன், சைக்கிள் வெளியே மழையில் கிடந்தது. உள்ளே ஃபோம் இறுகிவிட்டது என்று பிரிட்டோ சொன்னார். முதல் நாள் ஏறி உட்கார்ந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. இறங்கிவிட்டேன். அவர் சீட்டை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி ஆயிருச்சு ஜெனி. காக்கா மூக்கு மாதிரி முனை வேற. இதுல யாரு உக்காருவா?" என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி. சீட்டுதான் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டதே.

ஜெல் உறை வாங்கினார். ஒரு வாரம் ஓட்டினேன். அது போதவில்லை. கமால் பாய் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனார்.

கமால் பாய் நல்ல மனிதர். என் அப்பா வயது. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். "எங்கம்மா வலிக்குது?" என்றார்.

"இடுப்பு பாய்."

"மேல் இடுப்பா, கீழ் இடுப்பா?"

"நடு இடுப்பு."

பாய் பிரிட்டோவைப் பார்த்தார். பிரிட்டோ என்னைப் பார்த்து, "கரெக்டா சொல்லு ஜெனி, அப்பதான அவரு கரெக்டா செய்வாரு" என்றார். நான் முதுகில் கையை வைத்துக் காட்டினேன். இங்கே. இந்த இடத்தில்.

வேறு எப்படிச் சொல்வது அக்கா? எங்கள் பள்ளியில் சிக் ரூம் ரிஜிஸ்டர் ஒன்று இருந்தது. சிஸ்டர் கொன்சாகா எழுதுவார். கழுத்துக்குக் கீழே எது வலித்தாலும் 'ஸ்டமக் ஏக்' என்றுதான் எழுத வேண்டும். ஒரு தடவை ஒருத்தி படியில் விழுந்து முட்டி பிளந்து ரத்தத்தோடு வந்தாள். அவளுக்கும் ஸ்டமக் ஏக்தான். பன்னிரண்டு வருஷம் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டு, சைக்கிள் கடையில், நாலு ஆண்கள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது... இடுப்பு என்பதே எனக்குக் கொஞ்சம் அதிகம்.

பாய் இடுப்புக்கு என்ன செய்யணுமோ அதைச் செய்தார். ஹேண்டில் பாரைத் தூக்கினார், நிமிர்ந்து உட்காரலாம் என்று. "முன்னாடி சரியுறீங்க, அதான் இடுப்பு பிடிக்குது" என்று சீட்டின் மூக்கை மேலே தூக்கி வைத்தார். ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டு ஒன்று மாட்டினார். "இது சீட்டு இல்லம்மா, சோஃபா. தூங்கிராதே" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடம்பு கனம் முழுக்க அங்கே இறங்கியது. அந்த மூக்கு... வேண்டாம். நான் சிரித்தேன். "நல்லா இருக்கு பாய்" என்றேன். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்துதான் நின்றுகொண்டே ஓட்ட ஆரம்பித்தேன்.

பெடல் மேல் நின்று. இறக்கத்தில் கஷ்டமே இல்லை. ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கும். லைன் வீட்டுப் பிள்ளைகள் "நிக்கிற போஸ்ட், நிக்கிற போஸ்ட்" என்று பின்னால் ஓடிவரும். ஒரு நாள் பெங்களூர்க்காரர்கள் நாலைந்து பேர், ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு எஸ்டேட் பாதையில் வந்தார்கள். என்னைப் பார்த்து நிறுத்தி, கை தட்டினார்கள். மலைப்பாதையில் இறங்குவதற்கு இதுதான் சரியான முறையாம். யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டார்கள். என்னை வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து பிரிட்டோவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தாலும் வலிக்கும், அது வேறு விஷயம்.

கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் அக்கா, விழமாட்டேன். வேர்வை இல்லை, கொஞ்சம் சூடு. சாயங்காலமானால் எனக்குக் காய்ச்சல் மாதிரி வரும். இன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது. மலைக் குளிருக்கு அப்படித்தான். ஒரு மாத்திரை போட்டால் போய்விடும்.

எல்லா சீட்டுமே இப்போது மோசமாகச் செய்கிறார்கள், கவனித்தீர்களா? கோயில் பெஞ்சைப் போன வருஷம் மாற்றினார்கள். தேக்கு மரத்தை எடுத்துவிட்டு ஏதோ பலகை. பிரசங்கம் முடிகிற வரைக்கும் என்னால் உட்கார முடியவில்லை. பின்னால் போய்த் தூணோரம் நின்றுகொள்கிறேன். போஸ்ட் ஆபீஸில் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் சரியில்லை. ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்று என் தம்பி சொன்னான். அவன் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன், கம்பெனிக்காரன் அதையும் சரியாகச் செய்யவில்லை. வீட்டில் சோஃபா இருக்கிறது, அதில் அத்தை உட்கார்ந்திருப்பார். நான் படுத்தபடிதான் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். "படுத்துக்கிட்டு குடுத்தா காதுல பால் போவும்டி. நான் மூணு பெத்தவ. மூணாம் நாளே விறகு சுமந்தவ" என்பார். குழந்தை காதை ஒவ்வொரு தடவையும் துணியால் ஒற்றிப் பார்க்கிறேன். இதுவரைக்கும் ஒன்றும் போகவில்லை.

டாக்டரா?

பார்த்தாகிவிட்டது அக்கா. அதாவது... உங்களிடம் சொல்வதற்கென்ன. நீங்கள் யாரோ, நான் யாரோ. பிரசவமான பத்தாம் நாள் தையல் பார்க்க வரச் சொன்னார்கள். போனேன். அத்தை குழந்தையோடு வெளியே பெஞ்சில் இருந்தார். உள்ளே ஒரு திரை. திரைக்கு அந்தப்பக்கம் ஒரு குரல், "அடுத்தவங்க வாங்க" என்றது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அசெம்பிளியில் அஞ்சு வருஷம் என் பக்கத்தில் நின்று பாடின குரல்.

லிடியா. நாலு மார்க் குறைவாக வாங்கினாளே, அவள்தான். பயிற்சி டாக்டராக வந்திருக்கிறாள். வெள்ளைக் கோட்டு திரையின் இடுக்கில் தெரிந்தது. கையில் உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பள்ளித் தலைவி அக்கா. அவள் தலைமுடியை ஒழுங்காகப் பின்னவில்லை என்று வெயிலில் நிற்க வைத்தவள் நான். நான் போய் அவள் முன்னால் படுத்து... அவள் என்னை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள், அது எனக்குத் தெரியும். "பயப்படாத ஜெனிட்டா" என்று சொல்லியிருப்பாள். அதுதான்.

பக்கத்துக் கதவு வழியாக மருந்து கொடுக்கிற இடத்துக்குப் போனேன். பத்து நிமிஷம் அங்கே நின்றேன். வெளியே வந்தேன். "என்னடி சொன்னாங்க?" என்றார் அத்தை. "நல்லா ஆறிடுச்சாம் அத்தை. இனிமே வர வேணாமாம்" என்றேன். அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் பிரிட்டோ எனக்குப் பன் பட்டர் ஜாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லியாயிற்று. அப்புறம் வலி எங்கிருந்து வரும், சொல்லுங்க. சீட்டிலிருந்துதான் வரவேண்டும். பிரிட்டோ அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. சில நாள் நானும் அப்படியே நினைத்துவிடுவேன்.

போன மாதம் இருவருமாகக் கோயம்புத்தூர் போனோம். கடைக்காரர் நரைத்த தாடி வைத்திருந்தார், கால் இரண்டையும் மழுமழுவென்று சிரைத்திருந்தார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அப்படிச் செய்வார்களாம். பிரிட்டோ என் காதில், "அந்தக் காலைப் பாரு, சினிமா நடிகை மாதிரி" என்றார். கடைக்காரர் ஒரு ஸ்டூலில் நெளிநெளியான அட்டையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நம் உட்காரும் எலும்பு இரண்டும் அதில் குழியாகப் பதியுமாம். இரண்டு குழிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளந்து, அந்த அகலத்துக்குச் சீட்டு கொடுப்பாராம். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்க. எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

உட்கார்ந்தேன். எழுந்தேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க, ஒரு குழிதான் இருக்கு?" என்றார்.

பிரிட்டோவும் எட்டிப் பார்த்தார். வலது பக்கம் மட்டும் பெரிய குழி, கோழி முட்டை வைக்கலாம். இடது பக்கம் அட்டை புதுசு மாதிரி இருந்தது.

"இருபது வருஷமா அளக்கிறேன். ஒத்தைக் குழி இப்பத்தான் பாக்கிறேன். மறுபடியும் உக்காருங்கம்மா. நேரா, கனத்தை ரெண்டு பக்கமும் குடுத்து. அரை நிமிஷம் போதும்."

வேறு அட்டை போட்டார். நான் நேராக உட்கார்ந்தேன். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மந்திரம் முடிவதற்குள் அரை நிமிஷம் ஆகிவிடும் என்று கணக்கு. பாதிகூட வரவில்லை அக்கா, என் கால் தானாக எழுந்துவிட்டது. அந்த அட்டையிலும் ஒரு குழிதான். இடது பக்கம் நகத்தால் கீறின மாதிரி ஏதோ.

கடைக்காரர் ஸ்கேலைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, பிரிட்டோவைப் பார்த்துக் கேட்டார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இவங்களை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அதெல்லாம் காட்டியாச்சு சார்" என்றார் பிரிட்டோ. அவ்வளவு பெருமையாகச் சொன்னார். "தையல் நல்லா ஆறிடுச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. இல்ல ஜெனி?"

நான் தலையாட்டினேன். கடைக்காரர் உத்தேசமாக ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார், இப்போது பையில் இருக்கிறதே, அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் நின்றேன். அவரும் எனக்காக நின்றார். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எலும்புதான ஜெனி. சில பேருக்கு ஆறு விரல் இருக்கு. உனக்கு ஒரு எலும்பு கம்மி. அதுக்கு ஏத்த மாதிரி சீட்டு இல்லாமயா போயிரும்?" என்றார். அவரை என்ன செய்வது சொல்லுங்க. கோபித்துக்கொள்கிற புருஷனாக இருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேன்.

மடியில் உறுத்துகிறதா? பக்கத்து ஜிப்பைத் திறந்து பாருங்க. அட்டை இருக்கும். இதுதான் அது. காட்டினால்தான் சீட்டு கொடுப்பார். ரொம்ப நேரம் பார்க்கிறீர்களே.

இப்போது வந்திருக்கிற சீட்டு இரண்டு துண்டாக இருக்குமாம். நடுவில் வெளி. துண்டு ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்கிக்கொள்ளலாமாம். இடது துண்டை ரொம்பக் கீழே இறக்கிவிட்டால் எனக்குச் சரியாக வரும் என்று கடைக்காரர் ஃபோனில் சொன்னார். வரவேண்டும் அக்கா. வந்தே ஆகவேண்டும். இரண்டு வாரமாக நின்று ஓட்டவும் முடியவில்லை, கால் நடுங்குகிறது. தள்ளிக்கொண்டுதான் போகிறேன். பதினாலு கிலோமீட்டர் தள்ளினால் எத்தனை மணிக்கு முடியும்? கடைசி லைன் அடுத்த நாளைக்குத் தள்ளிப்போகிறது. அங்கே சுபத்ரா என்று ஒரு பெண். இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது அவளுக்கு. நான் கொண்டுபோய்க் கையில் கொடுத்தபோது இன்டர்வியூ அன்றைக்குக் காலையே முடிந்திருந்தது. அவள் அழவில்லை. உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தாள். "நேத்தே ஆபீசுக்கு வந்திருக்கே போஸ்டம்மா" என்றாள். அவ்வளவுதான்.

போஸ்ட்மாஸ்டர் பெள்ளி சார் என்னை மகள் மாதிரி பார்க்கிறவர். "இதோ பாரம்மா, திங்கக்கிழமை நீ சைக்கிள்ல ஏறிப் போறதை நான் என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா மேல எழுதியாகணும், எனக்கு வேற வழி இல்ல" என்றார். மெடிக்கல் லீவு போடு என்றும் அவரே சொன்னார். லீவுக்கு சர்டிஃபிகேட் வேண்டும். சர்டிஃபிகேட்டுக்கு டாக்டர் வேண்டும். அந்தப் பேச்சு முடிந்தது. பிரிட்டோ வேலை செய்கிற தேயிலை ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. என் வேலையும் போய்விட்டால்...

என்ன அக்கா?

நீங்கள் பிரசவ வார்டிலா வேலை செய்கிறீர்கள்? ஆஸ்பத்திரியிலா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் இவ்வளவு பேசியிருக்கமாட்டேன்.

இல்லை அக்கா. இன்றைக்கு முடியாது. கடையை ஒரு மணிக்கு மூடிவிடுவார். குழந்தைக்கு மூன்று மணி வரைக்கும் போதுமான பாலைத்தான் எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் கூட இறங்கினால் படுக்கச் சொல்வார்கள். லைட் போடுவார்கள். பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் 'இவ்வளவு நாள் ஏம்மா வரலை' என்பார்கள். அதற்கு நான் என்ன சொல்ல? வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க என்பார்கள். அவர் ஓடிவருவார். நாலு சீட்டு வாங்கிக் கொடுத்தவர். என்னைத் திட்டமாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுவார். என் ராசாத்தி ஏழு மாதம் அக்கா, இப்போதுதான் தவழ்கிறாள். என்னமோ ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டால்? சீட்டு என்றால் மாற்றலாம். மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

உங்கள் ஸ்டாப் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் அடிக்கிறார், இறங்குங்க. கையை விடுங்க அக்கா, எல்லாரும் பார்க்கிறார்கள். சூடாகத்தான் இருக்கும், சொன்னேனே. வருகிறேன், நிச்சயமாக வருகிறேன், இன்னொரு நாள். திங்கட்கிழமை போகட்டும். உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? சரி. வார்டில் வந்து கேட்கிறேன்.

அந்த அட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்க. அதை நீங்கள் யாரிடமும் காட்ட வேண்டாம்.

எங்கே வலிக்கிறது என்று நீங்களுமா கேட்பீர்கள்? சொன்னேனே அக்கா. இடுப்பு.

பையைக் கீழே வைக்க வேண்டாம். நீங்கள் எழுந்த இடத்திலேயே, ஜன்னலோரமாக வைத்துவிட்டு இறங்குங்க. கோயம்புத்தூர் வரைக்கும் அந்தச் சீட்டாவது உட்கார்ந்து வரட்டும்.